மேடை ஏறாத கை

அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம், பானையிலிருந்து வடித்துக்கொண்டிருந்தேன். கொதிநீர் இடது புறங்கையில் வழிந்தது எனக்குத் தெரியவில்லை. என் மனைவி பவுனுதான் பார்த்துக் கத்தினாள். “இன்னாங்க, கை வெந்து போயிருக்குது, வலிக்கலியா?”

வலிக்கவில்லை. பாடுபட்டுக் காய்த்த கை என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எங்கள் ஊர் கெடாரிலிருந்து விழுப்புரத்துக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோய் வீடுவீடாக ஊற்றுவது என் தொழில். கையிலும் முதுகிலும் வெளிறிய படைகள் அதற்கு முன்பே இருந்தன. தேமல் என்று களிம்பு பூசிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அப்படித் தொட்டால் தெரியாத படை இருந்தால், தயவுசெய்து என்னைப்போல் காத்திருக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண்களை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்ட இடத்தைக் காட்டச் சொன்னார். அவர் இன்னும் தொடவே ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து நான் உட்கார்ந்திருந்தேன். பிறகு முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். கயிறுபோலத் தடித்திருந்தது.

“இது தொழுநோய். மருந்து இருக்கு. சாப்பிட ஆரம்பிச்சிட்டா மத்தவங்களுக்கு ஒட்டாது. வீட்ல யாரும் உங்களைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை” என்றார்.

கூட்டு மருந்துச் சிகிச்சை (கிருமியை ஒழிக்க மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) தொடங்கியது. ஒரு மாத்திரை சிறுநீரைச் சிவப்பாக்கியது. இன்னொன்று தோலைக் கறுக்க வைத்தது. அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் ஊர் கண்டுபிடித்தது. அதற்குள் இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிட்டன. பவுனு தினமும் எண்ணெய் தடவி அவற்றை நீவி நிமிர்த்துவாள். என் தட்டிலேயே கை வைத்துச் சாப்பிடுவாள்.

விழுப்புரத்தில் ஒவ்வொரு வீடாகப் பாலை நிறுத்தினார்கள். ஊருக்குப் போகிறோம் என்றார்கள் சிலர். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பல வருடம் என் பாலைக் குடித்தவர், வாசலுக்கே வராமல் உள்ளிருந்து “வேணாம்பா, போ” என்றார். எருமைகளை விற்றோம். மருந்தை மட்டும் நான் விடவில்லை. இரண்டு வருடம் கழித்து டாக்டரம்மா, “இனிமே நீங்க நோயாளி இல்லை” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் சுவரொட்டியைப் பார்த்தேன். ஒரு சேவைச் சங்கம் விழுப்புரத்திலிருந்து டில்லிக்குச் சைக்கிள் பயணம் நடத்துகிறது. ஒவ்வொரு மைலுக்கும் இவ்வளவு என்று புரவலர்கள் பணம் தருவார்கள். அதில் தொழுநோயாளிகளுக்கு இல்லம் கட்டப்படும். மேலே விரலற்ற ஒரு கையின் படம்.

சைக்கிள் மிதிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போனேன். சங்கத்தின் செயலாளர் அதே ஜவுளிக்கடைக்காரர்.

“நானும் வர்றேன் சார். டில்லி இல்லன்னாலும் மெட்ராஸ் வரைக்கும்.”

“நீ இன்னாத்துக்குப்பா பேஜாரு படறே? மொத நாள் திண்டிவனத்துல கூட்டம் வெச்சிருக்கோம். மேடையில வந்து குந்து. கையைத் தூக்கிக் காட்டு. ஜனங்க மனசு எளகும்.”

“எனக்குக் கொணமாயிடுச்சி சார்.”

“அதை அங்க சொல்லிக்கினு இருக்காதே. கொணமாயிடுச்சின்னா எவன் பணம் குடுப்பான்?”

டாக்டரம்மாவிடம் போய்க் கொட்டினேன். “பணம் வந்தா நிறையப் பேருக்கு ஆகும். ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?” என்றார். செயலாளர் சொன்னதைவிட இதுதான் எனக்குச் சுட்டது.

பவுனுதான் சைக்கிளின் இடது கைப்பிடியில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றினாள். உணர்ச்சியில்லாத கை தேய்ந்து புண்ணானால் தெரியாதே. “அவுங்க கூப்புடலன்னா இன்னா, ரோடு அவுங்களுதா? போய்ட்டு வாங்க” என்றாள்.

கொடியசைத்து அனுப்பிய கூட்டம் கலைந்ததும் பின்னால் சேர்ந்துகொண்டேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி தாண்டி, கரும்பு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மிதித்தேன். தொப்பி போட்ட பயணிகள் யாரும் என்னை விரட்டவில்லை. யாரும் பேசவுமில்லை. திண்டிவனத்துக்கு அவர்களுக்குச் சமமாகவே போய்ச் சேர்ந்தேன்.

ஜீப்பில் முன்னாலேயே வந்திருந்த செயலாளர் மேடையிலிருந்து கை நீட்டினார். “நம்ம உதவிக்காகக் காத்துக்கினு இருக்கிற சகோதரர் இதோ! மேல வாப்பா.”

நான் சைக்கிளைப் பிடித்தபடி கீழேயே நின்றேன். “நான் யாருக்கும் காத்துக்கினு இல்லீங்க. விழுப்புரத்துலேருந்து மிதிச்சிக்கினு வந்திருக்கேன். நோவு தீந்து போச்சி. உங்க ஊட்டுக்குப் பால் ஊத்தினவன் சார் நான். மறுபடியும் ஊத்துறேன், வாங்கிக் குடிங்க. எனக்கு அது போதும்.”

செயலாளர் தடுமாறவே இல்லை. “பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாரு” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

இல்லம் கட்டினார்கள், ஊருக்கு வெளியே. என்னையும் வந்து தங்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். எனக்கு வீடு இருக்கிறது, பெண்டாட்டி இருக்கிறாள், எதற்கு என்று திருப்பி அனுப்பினேன். கடனுக்கு ஒரு எருமை பிடித்தோம். முதலில் பால் வாங்கியவர் விழுப்புரத்தில் என் பழைய வாடிக்கைக்காரரான பிலோமினா டீச்சர். மற்ற வீடுகள் வர வெகுகாலம் ஆயிற்று. ஜவுளிக்கடைக்காரர் வீடு கடைசிவரை வரவில்லை.

என் இடது கை இன்றும் எனக்கு எதையும் சொல்வதில்லை. பொழுது சாய்வதற்குள் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். சில நாள் ஒரு கீறல் இருக்கும், சில நாள் முள்ளே தைத்திருக்கும். காலையில் பட்டதா, நேற்றே பட்டதா, தெரியாது. பார்த்த நேரம்தான் எனக்குப் பட்ட நேரம்.