சோலார் தண்ணியும் திறந்த டேப்பும்

சோலார் ஹீட்டர் ரிப்பேர்னு என்னைக் கூப்பிடுற வீட்ல எல்லாம் நான் பெரும்பாலும் வெளியே எடுக்கறது காத்தைத்தான். சோப்பு போட்ட தலையோட நின்னுக்கிட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து மட்டும் விடுற டேப்பைத் திட்டினவங்களுக்கு என் கஷ்டம் புரியும். பைப்புக்குள்ள காத்து அடைச்சுக்கிட்டா சுடுதண்ணி நகராது. அந்தக் காத்து விலகற நேரம் பாருங்க, கொதிக்கிற தண்ணி டேப்புல இருந்து சீறிக்கிட்டு வரும். அப்போ டேப்புக்கு முன்னாடி யாரும் இருக்கக் கூடாதே, சாமி! எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான்.

லட்சுமி போற வழி

ஒக்கலிபுரத்துல ஒரு வீடு. மாடி ஏறிப் பார்த்தா எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டேங்க் மேல ஆவி போறதுக்குன்னு நிக்கிற ஏர் பைப்புக்கு மூடி போட்டு, அது மேல சிமெண்டும் பூசி வெச்சிருக்காங்க! டேங்கோட தகடு ஒரு பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்.

"யாரு சார் இதை அடைச்சது?"ன்னு கத்தியே விட்டேன். வீட்டு ஓனர் அசரவே இல்லை. "நான்தாம்பா. ஈசான்ய மூலையில ஆவி போனா லட்சுமியும் கூடவே போயிடுவாளாம், வாஸ்துக்காரர் சொன்னாரு. லட்சுமி உள்ளயே இருக்கட்டும், நீ தண்ணிக்கு மட்டும் வேற வழி பாரு!"

டார்ச் அடிச்ச தம்பி

ஜீவனஹள்ளியில ஐ.டி. பசங்க நாலஞ்சு பேர் சேர்ந்து தங்கியிருக்கிற வீடு. காத்து வெளியே போக பாத்ரூம் டேப்பைத் திறந்து விட்டுட்டு, கிச்சன்ல பச்சைத்தண்ணி டேப்பையும் சுடுதண்ணி டேப்பையும் ஒரு ஹோஸால இணைச்சு, பம்ப்பைப் போட்டுக் காத்தைத் தள்ளிக்கிட்டிருந்தேன். "பாத்ரூம் பக்கம் யாரும் போகாதீங்க"ன்னு சொல்லியும் வெச்சேன். திரும்பிப் பார்த்தா ஒரு தம்பி பாத்ரூம்ல குனிஞ்சு, டேப் வாய்க்குள்ள மொபைல் டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்துக்கிட்டிருக்கு!

ஓடிப்போய்ச் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தேன். அந்த முகம் இருந்த இடத்துல அடுத்த நொடியே ஆவியோட தண்ணி பாய்ஞ்சுது. அவன் என்னடான்னா, "செம ப்ரோ! முன்னாடியே சொல்லியிருந்தா வீடியோ எடுத்திருப்பேனே!"ங்கறான்.

காக்ஸ் டவுன் குழந்தை

காக்ஸ் டவுன்ல ஷீலான்னு ஒரு பொண்ணு, கைக்குழந்தைக்காரி. குழந்தையைக் குளிப்பாட்டத் தொட்டி எல்லாம் எடுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா, சுடுதண்ணி வரலை. புறா உள்ளே போகுதுன்னு மேல் வீட்டுக்காரங்க ஏர் பைப்புல பழைய துண்டைத் திணிச்சு வெச்சிருக்காங்க. அதை எடுக்கத்தான் போறேன். ஏறும் முன்னாடி, "எல்லா டேப்பும் மூடியாச்சாம்மா?"ன்னு கேட்டேன். "ஆச்சுண்ணா"ன்னா.

துண்டை உருவினேன். பைப் ரெண்டு தடவை குலுங்குச்சு. கீழே இருந்து "ஐயோ!"ன்னு ஒரே ஒரு அலறல். அப்புறம் சத்தமே இல்லை. படியில எப்படி இறங்கினேன்னே தெரியலை. பாத்ரூம் முழுக்க ஆவி, குழந்தைத் தொட்டியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி கொட்டிக்கிட்டிருக்கு. செத்தேன்னு நினைச்சேன்.

ஹால்ல ஷீலா குழந்தையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னா. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்குது. நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். "மூடியாச்சுன்னு சொன்னியேம்மா!"

"மத்ததெல்லாம் மூடிட்டேன்ணா. எப்போ வரும்னே தெரியாத காவேரித் தண்ணி வரும்போது சத்தம் கேட்கணும்னு டேப்பைத் திறந்தே வெப்போம் இல்லையா, அந்தப் பழக்கத்துல இதை மட்டும் திறந்து வெச்சுட்டு, இவனை மடியில வெச்சு முன்னாடியே உட்கார்ந்திருந்தேன். நைட்டி மேல ஒண்ணுக்குப் போயிட்டான். சனியனேன்னு திட்டிக்கிட்டே துணி மாத்த எழுந்து வந்தேன், திரும்பிப் பார்த்தா நான் உட்கார்ந்திருந்த இடத்துல..." சொல்லும்போதே அழுதுட்டா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, குழந்தை காலைத் தடவிக்கிட்டே சொன்னா: "இனிமே இவன் எங்க ஒண்ணுக்குப் போனாலும் திட்டவே மாட்டேண்ணா."

இப்பல்லாம் "மூடியாச்சு"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, வீட்ல இருக்கிற ஒவ்வொரு டேப்பையும் நானே திருகிப் பார்த்த பிறகுதான் மாடிப்படியில கால் வெக்கிறேன்.