மாத்திரை இருக்க மாஸ்க் எதற்கு

என் தம்பிக்குப் பட்டறையில் 'கண்ணாடி' என்று பெயர். கார் கதவுக்கு அவன் பெயிண்ட் அடித்தால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பெருமையில் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

பெயிண்ட் அடிக்கும் அறையில் நச்சுப்புகையை வடிகட்டும் ரப்பர் மாஸ்க் போட வேண்டும். முதலாளி வாங்கிக் கொடுத்ததுதான். இவன் போடமாட்டான். பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் முதல் பூச்சிலிருந்து ஆவியாகிவிட்டதா, அடுத்த பூச்சு அடிக்கலாமா என்று மூக்கால்தான் பார்ப்பான். "மாஸ்க்க மாட்டுனா வாசன தெரியாதுக்கா. குருட்டாம்போக்குல அடிக்கச் சொல்றியா?" என்பான். சாயங்காலம் வீட்டுக்குள் அவனுக்கு முன்னால் தின்னர் நாற்றம் நுழையும். தலைவலி, குமட்டல். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான். நான் கத்தாத கத்தலா!

என் தொல்லை தாங்காமல் ஒருநாள் விட்டமின் மாத்திரை வாங்கி வந்தான். சி, ஈ, இன்னும் என்னென்னவோ கலந்தது. நச்சுப்புகை ஈரலைக் கெடுக்காமல் அது தடுக்கும் என்று ஏதோ வீடியோவில் பார்த்தானாம். அதோடு கொஞ்சநஞ்சம் இருந்த பயமும் போய்விட்டது. மாத்திரையால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது. "விஷமெல்லாம் வெளிய போகுதுக்கா" என்று குதூகலித்தான். மிஞ்சின சத்துதான் அப்படிப் போகிறது என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியும் காதில் வாங்கவில்லை.

சிறுநீர் முன்பே மஞ்சளாகப் போனதால்தான் மஞ்சள் காமாலை வந்தது அவனுக்குத் தெரியவில்லை. பிறகு சிறுநீர் கருத்துப் போனபோதும், மாத்திரை நன்றாக வேலை செய்வதாக நினைத்துக்கொண்டான். அவன் மனைவிதான் ஒரு காலை வெயிலில் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, "அண்ணி, இங்க வாங்களேன்!" என்று அலறினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: "விட்டமின் மேல தப்பில்லம்மா. எலிக்கு நச்சு ஆவியோட இதையும் குடுத்துப் பாத்திருக்காங்க, பாதிப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா எலிக்கு மாஸ்க் கெடையாது. உங்க தம்பிக்கு இருந்துச்சே!"

ஈரல் வீங்கியிருக்கிறதாம். இனி அந்த அறைப் பக்கமே போகக்கூடாது. தேறுவானா என்பது போகப்போகத்தான் தெரியுமாம். அவனோ, "டாக்டருங்கன்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க. அடுத்த வாரம் வேலைக்குப் போயிடுவேன்" என்றான். அறையலாம் போலிருந்தது.

மறுநாள் பட்டறை ஆட்கள் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கு அவனைப் பார்க்க வந்தார்கள். கையில் பழமில்லை, ஒரு பெரிய மாத்திரை டப்பா.

"நீ சொன்னதுல இருந்து நாங்களும் இதத்தான் போடுறோம், கண்ணாடி" என்றார் மூத்தவர். "மாஸ்க்கெல்லாம் மூட்ட கட்டிப் பரண்ல போட்டாச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி எழுந்து உட்கார்ந்தான். கீழிமையை விரலால் இழுத்துக் காட்டினான்.

"பாருங்க. கிட்ட வந்து பாருங்க."

மூவரும் குனிந்து அவன் மஞ்சள் கண்ணைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு எழவும் தெரியல. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டப் பேசிட்டேன்." அத்தனை பேர் முன்னால் ஏங்கி ஏங்கி அழுதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், தன் மேல் தப்பு என்று அவன் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

மூத்தவர் டப்பாவைப் பைக்குள் திணித்தார். "சரிப்பா, அழாத. நாளைக்கு மாஸ்க்க எடுத்துடுறோம்."

"நாளைக்கா? இப்ப அந்த ரூமுக்குள்ள மாஸ்க் இல்லாம யாரு பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருக்கா?"

மூத்தவர் போனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார்.