திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் நான்கு நாடுகள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். அறுபத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் போனதையெல்லாம் பயணம் என்று எழுதினால் பக்கத்து வீட்டு ஆடுகூடச் சிரிக்கும். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன ஒரு பொய் என் நண்பன் சேகருக்கு வரவேண்டிய சைக்கிளைப் பறித்திருக்கும். அதனால் எழுதுகிறேன்.

காணும் பொங்கல் காலை ஏழு பத்து. தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் சேகர் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இரண்டு இடம் பிடித்தான். திருத்துறைப்பூண்டியில் அவன் மாமா தெரு இளைஞர் மன்றத்தில் டிவி பற்றிய வினாடி வினா. முதல் பரிசு சைக்கிள். அவனுடைய பழைய சைக்கிள் திருட்டுப் போனதிலிருந்து தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்துதான் அரிசி ஆலை வேலைக்குப் போகிறான்.

"எந்த நிகழ்ச்சி மொதல்ல எந்த நாட்டுல வந்துச்சுன்னு கேப்பாங்களாம். சொல்லிக்குடுடா."

பத்தாவதில் இரண்டு முறை கோட்டைவிட்ட நான் வாத்தியார் ஆனேன். செல்போனைப் பார்த்து ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். வடுவூர் ஏரி வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"வீட்டுக்குள்ள ஆளுங்கள அடைச்சு, சுத்தி கேமரா வச்சு சண்டை போட விடுவானுங்களே, அது?"

"தெரியலடா."

"பிரேசில்," என்றேன், சிரிக்காமல்.

மன்னார்குடியில் கரும்புக் கட்டோடு ஓர் அக்கா ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். தோகை என் மூக்கில் உரசியது. எங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவர், கோட்டூர் தாண்டியதும் திரும்பினார்.

"பிரேசிலு குளிர்ற ஊரா தம்பி?"

"இல்லக்கா, வெயிலு. கரும்பெல்லாம் வெளையும்," என்றான் சேகர்.

"அப்ப அந்த ஊரு இல்ல. வெள்ளாமை உள்ள ஊர்ல நூறு நாளு யாரு வீட்டுக்குள்ள கெடப்பா? இந்த அறுப்புல எங்க வீட்டுக்காரர உள்ள வச்சுப் பூட்டுனா நெல்லு வயல்லயே கொட்டிப்போயிரும். இது ஜன்னலத் தொறந்தாலே வெறைக்கிற ஊர்ல யோசிச்சது."

எனக்குத் திக்கென்றது. சேகருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"கேள்வி கேட்டு கோடி ரூபா குடுக்கிறது?"

"வெள்ளக்காரன். கேள்வி கேட்டே ஆள மடக்குவான்."

இங்கிலாந்து. சரி!

"முகமூடி போட்டுக்கிட்டுப் பாடுறது?"

"அது நம்மூருதான். கூத்துல இல்லாத வேசமா?"

கொரியா. தப்பு. "அக்கா, அவுட்டு!" என்று சேகர் சிரித்தான். இனி இவர் பேச்சை நம்பமாட்டான் என்று நான் நிம்மதியானேன்.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கினோம். டீ பன்னிரண்டு ரூபாய். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் மைக்கில் 'பிரேசில்' என்று சொல்வதைக் கேட்கும் ஆசை விடவில்லை.

பந்தலில் கடைசியாக மிஞ்சியது இரண்டே பேர். ஒரு கல்லூரிப் பெண், சேகர். அந்தப் பெண் ஒரு கேள்வியில் தவறிவிட, சேகருக்குக் கடைசிக் கேள்வி: அந்த வீட்டு நிகழ்ச்சி எந்த நாடு? பிரேசில், நெதர்லாந்து, தாய்லாந்து.

"உங்க நண்பர ஒருதடவ கேக்கலாம்," என்றார் நடத்தியவர்.

ஆறு கிலோமீட்டர் நடை கண்ணில் வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் அவனைக் கேலி செய்தே வந்த பழக்கத்தில் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

சேகர் என் பல்லைப் பார்த்தான்.

"அவன்கிட்டயா? வேணாங்க. மத்த ரெண்டும் வெள்ளாமை ஊரு. நெதர்லாந்து."

பந்தல் கைதட்டியது. எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன்.

மாமா வீடு இரண்டு கிலோமீட்டர். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சைக்கிளில் சேகர் ஏறி உட்கார்ந்தான். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு, "ஏறிக்கட்டுமாடா?" என்றேன்.

"நீ பிரேசில் வழியா நடந்து வா."