மில்லுக்காரரைக் கூண்டில் ஏற்றியவள்

இரண்டு சாவுக்கும் சேர்த்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, பெரியபாளையம் பக்கத்து ஆரணி அரிசி மில்லின் கணக்குப்பிள்ளை பழவேற்காட்டில் குப்பாயியின் வாசலுக்கு வந்துவிட்டார். கூடவே இரண்டு மூட்டை அரிசி, ஒரு கவர். முதலாளி ரங்கசாமி ரொம்ப வருத்தப்படுகிறாராம். ஆனால் டிரைவர் அவருக்குத் தெரியாமல் விறகு ஏற்ற லாரியை எடுத்துப் போய்விட்டானாம். அதனால் விபத்துக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு காகிதத்தில் ரேகை வைக்க வேண்டுமாம்.

குப்பாயி மூட்டைகளை வண்டிக்கே திருப்பி ஏற்றச் சொன்னாள்.

"துட்டு வேணாம். என் லாரிதான் ஏறிச்சுன்னு உங்க மொதலாளி வாயால சொல்லட்டும். அத்த கேட்டுட்டுதான் நான் சாவணும்."

விபத்து நடந்தது 1971 ஆடி மூன்றாம் ஞாயிறு. பெரியபாளையத்தில் பவானியம்மனைக் கும்பிட்டுவிட்டு அவள் குடும்பம் ஊர்க்காரர்களோடு சாலையோரமாக நடந்து திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த லாரி குப்பாயியின் கணவன் தேசப்பனையும் மகள் ரத்னாவையும் அடித்துவிட்டு வயலில் இறங்கிச் சாய்ந்தது. நாலடி முன்னால் போன குப்பாயி திரும்பிப் பார்த்தபோது, லாரியிலிருந்து விழுந்த காலி அண்டாக்கள் சாலையில் உருண்டுகொண்டிருந்தன. உள்ளே கேழ்வரகுக் கூழ் ஒட்டியிருந்தது. அன்று காலை கோவில் பந்தலில் அவர்கள் மூவரும் குடித்த கூழ்தான். அதை ஊற்றியவர் ஆரணி மில் ரங்கசாமி, மகனுக்கு அம்மை இறங்கிய பிரார்த்தனை என்று ஒலிபெருக்கியில் நாலு தடவை சொல்லியிருந்தார்கள்.

பொன்னேரி வக்கீல் துளசிராமன் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். இரண்டு வருஷம் குப்பாயி மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பஸ் ஏறி, இரண்டு ரயில் மாறி, செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போய் வாய்தாவோடு திரும்பினாள். சமாதானமாகப் போய்விடு என்றார்கள் உறவுக்காரர்கள். அவள் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரங்கசாமியின் மில்லை மனசுக்குள் கொளுத்துவாள். இப்படி நினைப்பது பாவமில்லையா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் மறுபடி கொளுத்துவாள்.

டிரைவரும் அதே விறகுக் கதையை எழுதிக் கொடுத்திருந்தான். அண்டாக்கள் அன்றைக்கே காணாமல் போயிருந்தன. சாட்சி பலமில்லை என்று துளசிராமன் தயங்கியபோது குப்பாயி சொன்னாள்:

"லாரியப் பத்திக் கேக்காதீங்க சார். அம்மனுக்குக் கூழ் ஊத்துனியா இல்லியான்னு கேளுங்க. லாரிய இல்லேன்னுவாரு. புள்ளைக்கு வேண்டிக்கினத இல்லேன்னு சொல்ல வாய் வராது."

ரங்கசாமி கூண்டில் ஏறினார். விறகுக் கதையைத் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். பிறகு துளசிராமன் அந்தக் கேள்வியைக் கேட்டார். ரங்கசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஊத்தினேன்."

எங்கே காய்ச்சினீர்கள்? மில்லில். அண்டாக்கள் கோவிலுக்கு எப்படிப் போயின? ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"லாரிலதான். நான்தான் அனுப்பினேன். அண்டாவத் திருப்பி எடுத்தாரச் சொன்னதும் நான்தான்."

வராந்தாவில் துளசிராமன் சிரித்த முகமாக நின்றார். இனிப் பயமில்லை, தீர்ப்பு நமக்குத்தான், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியாக வேண்டும் என்றார்.

குப்பாயிக்குப் புரியவில்லை. "கம்பெனியா? அவரு இன்னா கட்டுவாரு?"

அவர் கையிலிருந்து அநேகமாக ஒன்றும் போகாது என்று வக்கீல் விளக்கினார். சட்டம் அப்படி.

ரங்கசாமி காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். குப்பாயி வேகமாக நடந்து போய்க் கார்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு பேரு இன்னா?"

அவர் விழித்தார். கோர்ட்டுக்குள் எல்லோரும் 'இறந்துபோனவர்கள்' என்றேதான் பேசியிருந்தார்கள். அவர் கூட வந்திருந்த கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அங்க இன்னா பாக்கற? ரெண்டு வருசமா பொய் சொல்லத் தெரிஞ்சுது, பேரு தெரியலியா?"

கணக்குப்பிள்ளை காதில் ஏதோ சொன்னார்.

"தேசப்பன்," என்றார் ரங்கசாமி.

"பொண்ணு?"

"ரத்னா."

"யாரு லாரி?"

வராந்தாவில் மற்ற வழக்குகளின் கட்சிக்காரர்கள் கூடிவிட்டார்கள். துளசிராமன் வேண்டாம்மா என்று கையைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"என் லாரி."

"அல்லாருக்கும் கேக்கட்டும். மொதல்லேர்ந்து சொல்லு."

அவர் சொன்னார். அவள் கதவை விட்டு நகரவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.