குங்கிலியம் பூசிய காரும் அலியார் பாஸும்

சுபஹுத் தொழுகை முடிந்து, கடையில் தேநீரை வாயில் வைத்த நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவர் பேரைச் சொன்னது. கல்முனைக்குடியில் கராஜ் வைத்து வாகனம் திருத்தும் அலியார் பாஸ் வபாத்தாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். போன கிழமைதான், "பெருநாள் முடியட்டும் ராசிக், உன்ட வேன்ட முன்பக்கத்த ஒருக்காப் பார்ப்பம்" என்று சொன்ன மனிதர். சொன்ன வேலையை முடிக்காமல் போகும் பழக்கம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மையத்து வீட்டு முற்றத்தில் அழுதவர்களை விடச் சிரித்தவர்கள்தான் அதிகம். அவரைத் தெரிந்தவர்கள் இதைத் தப்பாக எடுக்கமாட்டார்கள். குங்கிலியக்காரன் கதையை மட்டும் அன்று நாலு பேர் சொன்னார்கள். காரைத் தோணி என்று நினைத்து, அடியில் குங்கிலியம் காய்ச்சிப் பூசிய ஒரு மடையனின் கதை அது. கராஜுக்கு வந்த எல்லோருக்கும் பாஸ் அதைச் சொல்லியிருக்கிறார், ஆளின் பேரை மட்டும் சொன்னதில்லை. அந்த ஆள் மூதூர் என்றார் ஒருவர். இல்லை, புத்தளம் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். நான் ஒரு மூலையில் யாசீன் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி இருந்தேன். மூதூருமில்லை, புத்தளமுமில்லை. அந்த மடையனின் ஊர் சாய்ந்தமருது. அவன் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு ஏ-ஃபோட்டி காரை ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வாப்பா தோணிக்காரர். விடியற்காலையில் மீன் ஏலத்துக்கு வரும் முதலாளிமாரை ஏற்றி இறக்கக் காரைக் கடற்கரை ஈரமணல் வரைக்கும் கொண்டுபோவேன். உப்புத்தண்ணீர் அடியெல்லாம் தெறிக்கும். துருப்பிடிக்கத் தொடங்கியதும் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. வாப்பா தோணிக்குச் செய்வதைப் போல, சுறா எண்ணெயில் குங்கிலியத்தைக் காய்ச்சி, முன்சில்லுகளின் ஸ்பிரிங் உட்காரும் தட்டு, அதன் ஆணிகள், பொருத்துகள் எல்லாவற்றிலும் அப்பிவிட்டேன். பளபளவென்று இருந்தது. தோணிக்கு அதைப் பூசுவது தண்ணீர் உள்ளே வராமல் இருக்க. ஏற்கெனவே உள்ளே போன உப்புத்தண்ணீரை வெளியே வரவிடாமலும் அது பிடித்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

அந்த நாட்களில்தான் சம்மாந்துறைப் போடியார் ஒருவரின் மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிறைய வயற்காணி உள்ள மனிதர். என்னைப் பற்றி அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அதையும் இடையில் நின்றவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "கடல்காரன் காரையும் தோணி மாதிரித்தான் பார்ப்பான்." கேட்டதும் எனக்கு உச்சி கொதித்தது. என் காரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று உம்மாவிடம் குதித்தேன். குதித்த அதே கிழமை இடப்பக்க முன் ஸ்பிரிங் உடைந்தது. கார் ஒரு பக்கம் சரிந்து நின்றது. போடியார் அதையும் கேள்விப்பட்டு, கார் நிமிர்ந்து நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நாள் குறிப்பது என்று சொல்லிவிட்டார். ஒரு வியாழக்கிழமை லுஹர்த் தொழுகைக்குப் பிறகு நேரே கராஜுக்கே வந்து கதிரையைப் போட்டு உட்கார்ந்தும்விட்டார்.

அலியார் பாஸுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். என்னை விட நாலு வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஸ்பிரிங் வேலை என்றால் அவருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் காரைச் சுற்றி மணலில் காலால் ஒரு கோடு கீறுவார். கோட்டுக்கு உள்ளே அவர் மட்டும். போடியாராக இருந்தாலும் மௌலவியாக இருந்தாலும் கதிரை கோட்டுக்கு வெளியேதான். "இறுகின ஸ்பிரிங், உடைஞ்சிருந்தாலும், கோவத்தில இரிக்கி. கோவத்தில இரிக்கிறவனுக்கு முன்னால போய் நிக்கப்படாது" என்பார். பிறகு சில்லைக் கழற்றி, தட்டைப் பிடித்திருக்கும் நாலு மரையாணிகளில் எதிரெதிர் மூலையில் இரண்டை எடுத்துவிட்டு, நெல் ஆலையில் வாங்கிய இரண்டு நீள ஆணிகளை அந்த இடத்தில் போடுவார். மற்ற இரண்டையும் கழற்றியபின், நீள ஆணிகளின் நட்டுகளை இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று இறக்குவார். நட்டோடு தட்டும் இறங்கும், தட்டோடு ஸ்பிரிங்கின் கோபமும் இறங்கும்.

அன்று நட்டு இறங்கியது. தட்டு இறங்கவில்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டும் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார். தட்டிப் பார்த்தார். அசையவில்லை. காரின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, ஏதும் பூசினாயா என்று கேட்டார். போடியார் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிறீஸ்தான் பூசினேன் என்று சொல்லிவிட்டேன். சேறு படிந்து கறுத்துப் போயிருந்ததால் பார்க்கவும் அது பழைய கிறீஸ் மாதிரித்தான் இருந்தது.

சரி, துருதான் பிடித்திருக்கிறது, துரு என்றால் கிறீச்சிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும் என்று சொல்லிக்கொண்டே பாஸ் மறுபடி உள்ளே போனார். தட்டுக்கும் அதற்கு மேலே உள்ள இரும்புச் சட்டத்துக்கும் இடையில் உளியை வைத்தார். அதைப் பிடிக்க இடது கையை அந்த இரண்டு விரல் இடைவெளிக்குள் கொடுத்தார். வலது கையில் சுத்தியல்.

காய்ந்த குங்கிலியம் துருவைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக விடாது. உடைந்தால் ஒரே அடியில் கண்ணாடி போல உடையும். தோணி வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் கலியாணம் போகும், திறக்காவிட்டால் அவருடைய கை போகும். அந்த நேரத்தில் நான் கலியாணத்தைத்தான் முதலில் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சுத்தியல் ஓங்கியதைக் கண்டதும் கால் தானாகக் கோட்டைத் தாண்டிவிட்டது. மணலில் விழுந்து, அவருடைய காலைப் பிடித்து இழுத்து, காதுக்குக் கிட்டப் போய் மெதுவாகச் சொன்னேன்: "காக்கா, அடிக்காதீங்க. கிறீஸ் இல்ல. குங்கிலியம் பூசின நான்."

பாஸ் என்னைப் பார்த்தார். கோட்டுக்கு வெளியே இருந்த போடியாரையும் பார்த்தார். கையை மெதுவாக வெளியே எடுத்தார். பிறகு எழுந்து, நல்ல சத்தமாக, பொல்லாத துரு, சுடுதண்ணீர்தான் வேண்டும் என்று அறிவித்தார். பக்கத்திலேயே அவருடைய வீடு. நெல் அவிக்கும் பெரிய கிடாரத்தில் தண்ணீர் கொதித்து வந்தது. தட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, நீளப் பிடி வைத்த வாளியால் தூர நின்று ஊற்ற ஊற்றக் குங்கிலியம் இளகியது. இளகியதோடு விட்டதா? மணமும் எழும்பிவிட்டது. போடியார் மூக்கை உறிஞ்சி, என்ன இது, சாம்பிராணி மணமாக இருக்கிறதே என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. பாஸ் கொஞ்சமும் அசரவில்லை.

"வெள்ளி ராவு வருதில்லியா போடியார். ஊட்டில சாம்பிராணி போடுறாங்க."

வியாழன் பொழுது சாய்ந்தாலே எங்களுக்கு வெள்ளி ராவுதான். போடியார் "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அஸர் தொழுதுவிட்டு வந்து கோட்டுக்கு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. உள்ளே மிச்சமாய்ப் பிடித்திருந்த குங்கிலியமும் விட்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். தட்டு கீழே வந்து நட்டுகளில் இடித்து நின்றது. ஒரு நீள ஆணி தூண்டில் போல வளைந்திருந்தது. அந்த இரண்டு விரல் இடைவெளி இப்போது இல்லை. பாஸ் தன் இடது கையை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். பிறகு, இன்னொரு தேநீர் குடிப்போமா என்று கேட்டார். மஹ்ரிப் பாங்குக்கு முன் புது ஸ்பிரிங் ஏறிவிட்டது. கார் நிமிர்ந்து நின்றது, போடியார் நாளைக் குறித்தார். அதே காரில்தான் மாப்பிள்ளையாகச் சம்மாந்துறைக்குப் போனேன். பாஸ் முன்சீட்டில் இருந்து, வழியெல்லாம் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு எந்த வாகனம் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பூசின நீங்க?" என்பதுதான். கூச்சப்படுகிறவர்களுக்குக் குங்கிலியக்காரன் கதையைச் சொல்வார். சிரித்து முடிப்பதற்குள் அவர்களும் உண்மையைக் கக்கிவிடுவார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் என்பார், ஒருவர் தார் என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் கதை சொல்லுவார், என் பக்கம் கண்ணைத் திருப்பவும் மாட்டார். என் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நாற்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்தபின், இப்போது கராஜைப் பார்க்கும் அவருடைய மகன் நியாஸைத் தனியே கூப்பிட்டேன். அந்தக் குங்கிலியக்காரன் நான்தான் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய், சுவரில் தொங்கிய அந்த வளைந்த ஆணியை எடுத்து வந்து என் கையில் வைத்தான்.

"தெரியும் சாச்சா. வாப்பா சொல்லியிரிக்கார். என்ட கை என்ட கையா இரிக்கிறது அவன் வாயத் திறந்ததாலதான், அவன்ட பேரச் சொல்லி ஆரும் சிரிக்கப்படாது எண்டார்."

மனிதர்கள் பார்க்க அழுதேன். வெட்கப்படவில்லை.

அவருடைய நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஆணிதான். மேசையில் எனக்கு முன்னால் கிடக்கிறது. இந்தத் துருப்பிடித்த இரும்பை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள் என்று என் மனைவி காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் போடியாரின் மகள். அன்று கராஜில் வந்த மணம் சாம்பிராணி என்றுதான் அவளுடைய வாப்பா கடைசி வரைக்கும் நம்பியிருந்தார், அவளும் நம்புகிறாள். எழுதியதை முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பாஸ். ஆனாலும் வாயைத் திறக்கப் போகிறேன்.