அம்மனுக்கு ஏசி

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். நான் லாரி ஓட்டுகிறவன். குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிப்போய்ப் படூர் பக்கம் கட்டுகிற அடுக்குமாடிகளுக்குக் கொட்டுவேன். அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றாமல் வண்டியை எடுத்ததில்லை. நான் தின்பது ஆத்தா போட்ட சோறு என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

என் சம்சாரத்துக்கு வெயில் ஆகாது. நடவு, களையெடுப்பு என்று வெயிலிலேயே நின்று கிட்னி கெட்டு, காலெல்லாம் வீங்கிப்போனது. "இனிமே இவங்க சூட்டுல இருக்கவே கூடாது" என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். எங்களுடையது தார்சு வீடு, மேலே வெறும் கான்கிரீட்டு. காலையிலேயே ஃபேன் அனலை இறைக்க ஆரம்பித்துவிடும். அதனால் பகலெல்லாம் அவளுக்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிதான். பாயை எடுத்துப்போய்ப் படுத்துவிடுவாள். மத்தியானம் சாய்ந்தால் கடல்காற்று வரும். இப்போதெல்லாம் அதுவும் சில நாள் வருவதில்லை.

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, தீபாராதனை காட்டிக்கொண்டிருந்த பூசாரி கத்தினார்: "ஆத்தாவுக்கு வேர்க்குதுடா!"

வெள்ளிக் கவசத்தில் முகமெல்லாம் முத்து முத்தாய் நீர். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நமக்கே தாங்கவில்லையே, காற்றில்லாத கருவறையில் அவள் எப்படித் தாங்குவாள்? ஊர் கூடி ஏசி வாங்கியது. என் வண்டியில்தான் வந்து இறங்கியது.

அதன் வெளிப்பெட்டியைப் பின்சுவரில் மாட்டினார்கள். அது நேராக வேப்பமரத்தடிக்கு அனலை ஊதியது. "தன் சூட்டையெல்லாம் எம்மேல ஊதிட்டா பாருங்க ஆத்தா" என்று சிரித்தபடியே பாயை மரத்துக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள் என் சம்சாரம்.

ஆனால் ஆத்தாவுக்கு முன்னைவிட அதிகமாய் வேர்த்தது. ஏசியை இன்னும் குளிராக வைத்தார்கள். இன்னும் வேர்த்தது. ஆடிக் கூழுக்குப் படூரிலிருந்து வந்த மாப்பிள்ளை பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "அது வேர்வ இல்ல மாமா. ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வேர்க்குமே, அந்த மாதிரி. கல்லு முன்னயே சில்லுனு இருந்துது, ஏசி இன்னும் சில்லாக்கிச்சி. கதவத் தொறந்தா வெளிய இருக்கற புழுக்கம் உள்ள வந்து படியுது."

"அப்ப ஏசி வாணாமா?"

"இந்த ஏசி ஓடறதுக்கு எங்கியோ நிலக்கரி எரிஞ்சிகினு கீது மாமா. உங்க லாரி டீசலு, எங்க ஃபிளாட்டு கரண்ட்டு, சிமென்ட்டு ஃபேக்டரி, எல்லாப் பொகையும் மேல கம்பளி மாதிரி மூடிகினு கீது. உறிஞ்சிக்கற மரத்தையும் வெட்டிட்டோம். கீழ இருக்கற சூடு எங்க போவும்?"

டீசலை நான் சோறாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வண்டியை எடுக்கும்போது பின்னால் போன புகையைக் கண்ணாடியில் பார்த்தேன். என்ன செய்வது, எடுத்தேன்.

ஆடி முடிந்ததும் ஊர்க் கூட்டம். இன்னொரு ஏசி, கரண்ட் போனால் ஓட்ட ஒரு ஜெனரேட்டர். அதற்கு ஷெட்டு போட மரத்தை எடுக்கணும் என்றார் தர்மகர்த்தா.

"மரம் வாணாம்பா. வேம்பும் ஆத்தாதானே" என்றேன்.

"வூட்டம்மாவுக்குப் படுக்க எடம் போய்டும்னு சொல்லேன் அண்ணாத்த. இன்னாத்துக்குச் சுத்தி வளைக்கிற?" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். மாப்பிள்ளை சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன்.

"உன் மாப்ள வூட்டுல எத்தினி ஏசி?"

"மூணு."

அதற்கப்புறம் யாரும் என்னைப் பேசவே விடவில்லை. சிரிப்பு அடங்கியதும் தர்மகர்த்தா மெதுவாய்க் கேட்டார்: "ஆத்தாவ விட உன் பொண்டாட்டி பெருசாய்யா?"

கூட்டம் கோயிலுக்குள்தான். ஆத்தாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டார்கள். என் சம்சாரமும் போய்க் கும்பிட்டாள். அப்புறம் மெஷின் ரம்பம் வைத்தார்கள். இரண்டாவது ஏசி வந்தது. ஆத்தா முகத்தில் நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது.

ஆவணி வெயில் வீட்டுக்குள்ளும் அவளை விட்டுவைக்கவில்லை. அடுப்பங்கரையில் வாந்தி எடுத்து விழுந்தவளை ஆஸ்பத்திரியில் போட்டோம். அங்கிருந்து மகள் நேராகப் படூருக்கு அழைத்துப்போய்விட்டாள்.

லோடு கொட்டப் போகும்போதெல்லாம் பார்த்துவிட்டு வருகிறேன். போன வாரமும் போனேன். கதவெல்லாம் சாத்திய அறையில் கால்வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. நான் கதவைத் திறந்து பால்கனியில் போய் நின்றேன். மேலும் கீழும் பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் அனலை ஊதிக்கொண்டிருந்தது.

"எப்பங்க வூட்டுக்கு இட்டுகினு போவீங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

"மழ பேயட்டும்."

"அப்பறம் மறுபடி சித்திர வருமே?"

ஆத்தா பார்த்துக்குவா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அந்தக் கதவச் சாத்துங்க, அனல் வருது" என்றாள். சாத்தினேன்.