தளம் போட்ட நாள்

பாகூர் பக்கத்தில் வீடில்லாத ஏழைகளுக்குக் குறைந்த செலவில் வீடு கட்டித் தருவதும், குடியை விட நினைப்பவர்களை ஓர் இல்லத்தில் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வதும், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவரின் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். படிப்பு முடிந்ததும் அவரிடம் சேர்ந்துவிட்டேன்.

அன்று தளம் போட்டது, இல்லத்தில் இருந்த ஓர் அண்ணனின் வீட்டுக்கு. அவர் மனைவி செல்லிப்பட்டில் தாய்வீட்டில் இருந்தார். மறுநாள் வந்து பார்ப்பதாகவும், இவர் குடிக்காமல் இருந்தால் பிள்ளையோடு தங்கிவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

தளம் போடும் அன்று வீட்டுக்காரர் தன் கையால் ஆட்களுக்குச் சாராயம் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். கறிச்சோறு மட்டும்தான் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லியிருந்தேன். தலையாட்டினார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதித் தளத்தில் ஆட்கள் கலவை மெஷினை நிறுத்திவிட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணனின் மைத்துனன் மடுகரையில் வாங்கிய சாராயக் கேனோடு வந்து இறங்கினான். உடன்பிறந்தவளை இவரோடு அனுப்ப அவனுக்கு இஷ்டமில்லை.

“இன்னா மாமா, தொண்டைய காய வச்சிதான் தளம் போடுவியா? ஊரே சிரிக்குது.”

“கேன எடுத்துக்கினு கெளம்புப்பா,” என்றார் அக்கா.

“தளம் ஒழுகுனா நீயா வந்து கொட புடிப்ப?” என்றான் மைத்துனன்.

சாரத்தின் மேல் சிரிப்புச் சத்தம். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “பசங்க கேக்கல தம்பி. பாதியில நின்னா ஒட்டு போட்ட எடத்துல ஒழுகும். மழ வேற வருது.”

“குடு, நான் ஊத்தறேன்,” என்று அக்கா கை நீட்டினார்.

“வூட்டுக்காரன் ஊத்தணும்க்கா,” என்றார் மேஸ்திரி.

அண்ணன் கேனை வாங்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊற்றியதில் கையெல்லாம் வழிந்தது. மெஷின் மறுபடி சுற்றியது.

மழைக்கு முன் தளம் முடிந்தது. அண்ணன் குழாயடியில் சோப்பு போட்டுப் போட்டுக் கை கழுவினார். பிறகு அக்காவிடம் வந்தார். “என்ன உள்ள வச்சி பூட்டிடுக்கா. அவ வந்தப்புறம் தொற.”

எங்கள் இல்லத்தில் அதுவரை யாரையும் பூட்டியதில்லை. அக்கா பணத்தை எடுத்து என் கையில் வைத்தார். பூட்டு வாங்கிவர என்னைக் கடைக்கு அனுப்பினார்.

நான் திரும்பியபோது இல்லத்து வாசலில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கேனில் இன்னும் மிச்சம் இருந்தது.

“பூட்டு தம்பி, நல்லா பூட்டு. நான் எங்க போவப் போறேன்?” என்றான்.

பூட்டினேன். அண்ணன் இருந்த அறையின் வாசல் பக்கத்து ஜன்னலுக்குக் கதவே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.